பொம்பால் பிரபுவின் வரலாறு



சென்ற திங்களில் நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் தம் தந்தையாருடன் என் இல்லத்துக்கு வந்திருந்தார். பி.ஏ. தேறிய அவர், பொது நிருவாகம், பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை என்னும் மூன்றனையும் ஒருங்கே பயிற்றும் எம்.ஏ. வகுப்பொன்றிற் சேர விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். தந்தையார்க்கு அதில் மனம் செல்லவில்லை. வெள்ளம் வந்தாற் படகு விடுவதும், தீப்பற்றினால் நீர் கொட்டுவதும், பசித்தவர்க்குக் கஞ்சி காய்ச்சுவதும் உள்ளத்தில் இரக்கமும் உடம்பில் உரமும் உடையார் எவரும் செய்யத்தக்கனவே. இவற்றுக்குப் புத்தகமும் பரீட்சையும் எதற்கு என்பது அவர் கேள்வி. கேள்வி நேர்மையானதே. நேர்விடை கூறாமல் போர்த்துகல் நாட்டு அமைச்சர் ஒருவரின் வரலாற்றை அவர்கட்குச் சொன்னேன். சொல்லி முடிக்க இரவு பத்து மணியாயிற்று. அதனையே ஈண்டு நம் வாசகர் அனைவர்க்குமாக எழுதுகின்றேன்.

போர்த்துகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன் மாநகரில் 1699-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் செபஸ்தியான் ஜோசே த கார்வாலோ எ மேலோ என்பார் பிறந்தார். பிற்காலத்தில் அரசர் அளித்த பட்டத்தால் பொம்பால் பிரபு என்று உலகம் அவரை அறியும். எளிமை கருதி நாமும் தொடக்கமுதல் அப்பெயராலேயே வழங்குவோம். இவர் குடும்பம் சிறிய நிலக்கிழார் குடும்பம். வறுமையும் இல்லை, அரசவையில் முன்வரிசையும் இல்லை. கோயிம்பிரா சர்வகலாசாலையிற் சிறிது காலம் பயின்றார், படையிற் சிறிது காலம் இருந்தார், இரண்டினும் நிலைக்கவில்லை. 1723-இல் உயர்குடிப் பெருமாட்டியாகிய ஒரு விதவையை, அவர் சுற்றத்தாரின் சம்மதமின்றி மணந்துகொண்டார். பிரபுக்கள் இதனைப் பெருங்குற்றமாகக் கொண்டனர். அவர்கள் காட்டிய அவமதிப்பு இவர் நெஞ்சில் ஆறாத புண்ணாய் நின்றதென்று ஊகிக்க இடமுண்டு. பின்னால் நிகழ்ந்தவற்றை ஆராய்வார் அதனை மறத்தல் கூடாது.

நாற்பது வயதை அணுகும் வரையில் இவரைப் பற்றிச் சொல்லத்தக்கது மிகுதியில்லை. 1738-இல் இலண்டன் மாநகருக்குப் போர்த்துகல் அரசின் தூதராக அனுப்பப்பட்டார். உண்மையான கல்வி அங்கேதான் இவருக்குத் தொடங்கியது எனலாம். ஆங்கிலமொழி இவர்க்கு நன்றாகக் கைவரவில்லை. ஆயினும் வாணிகம், சுங்கம், கப்பற்படை, வரி, காலனி நாடுகளின் ஆட்சி ஆகியவை பற்றிய நூல்களைத் தேடித்தேடித் தொகுத்துப் பயின்றார். பிரேசில் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து போர்த்துகலுக்கு வரும் பொன், லிஸ்பன் துறைமுகத்தில் தங்காமல் ஆங்கிலேயர் துணிக்கும் சரக்குக்கும் விலையாக இலண்டனுக்கு ஓடுவது ஏன் என்னும் ஒரே வினாவை வைத்துக்கொண்டு ஐந்தாண்டு சிந்தித்தார். 1740-இல் அந்நகரத்து ராயல் சொஸைட்டி என்னும் விஞ்ஞானக் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பின்னர் 1745 முதல் 1749 வரை வியன்னா நகரத்தில் தூதராயிருந்தார். முதல் மனைவியார் முன்னரே காலஞ்சென்றமையால் அங்கே டௌன் என்னும் பெருங்குடியிற் பிறந்த எலியோனொரா அம்மையாரை 1745-இல் மணந்தார். ஜெர்மானிய தேசங்களில் அரசாட்சியையே ஒரு சாஸ்திரமாகக் கற்பிக்கும் வழக்கம் அப்போது வேரூன்றி வந்தது. பிரஷிய மன்னர் 1727-இலேயே ஹாலே, ஓடர்க்கரைப் பிராங்க்பர்ட் ஆகிய ஊர்களின் சர்வகலாசாலைகளில் பொக்கிஷம், காவல், வேளாண்மை, கைத்தொழில் முதலியவற்றின் நிருவாகத்தைப் பயிற்றத் தனி ஆசிரியர்களை நியமித்திருந்தார். ஆட்சி என்பது குலத்தோடு வருவதன்று, கற்று வருவது என்னும் கருத்து அந்நாடுகளின் காற்றிலேயே கலந்திருந்தது. இவர் அந்தக் காற்றை நான்காண்டு சுவாசித்தார்.

1750-இல் ஐந்தாம் ஜோவான் மன்னர் இறந்தார். அவர் மகனாகிய முதலாம் ஜோசே அரியணை ஏறி, இவரை அயல்நாட்டு விவகாரங்களுக்கும் போருக்கும் உரிய அமைச்சராக்கினார். மன்னர் இசைநாடகத்தையும் வேட்டையையும் பெரிதும் விரும்பியவர். அரசுப் பாரத்தைத் தாங்க வேறொருவர் தோளை நாடியவர். அமைச்சருக்கு அப்பொழுது வயது 51. ஐந்தாண்டு கடந்தது. இனி வருவதே இவ்வரலாற்றின் நடு.

1755-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல்நாள், சனிக்கிழமை. கத்தோலிக்கர்க்குச் சகல அர்ச்சிஷ்டவர்களின் திருநாள். லிஸ்பனில் அந்நாளில் ஏறத்தாழ 2,00,000 மக்கள் வாழ்ந்தனர். காலை ஒன்பதரை மணிக்கு மேல், கோயில்கள் யாவும் மக்களால் நிறைந்து, பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நிலம் நடுங்கிற்று. ஓரிரு நொடியில் ஓயவில்லை. சில நிமிடம் விட்டுவிட்டு அசைந்தது. கோயில்களின் கூரைகள் வழிபடுவார் தலைமேல் வீழ்ந்தன. தப்பியவர் பலர் கட்டடங்களை விட்டு விலகித் தேஜு ஆற்றங்கரையின் வெட்டவெளிக்கு ஓடினர். சுமார் 40 நிமிடம் கழித்துக் கடல் முதலிற் பின்வாங்கிப் பின்னர்ப் பேரலைகளாய் ஆற்றுமுகத்தில் ஏறி, அக்கரையில் நின்றவர்களை வாரிக்கொண்டு சென்றது. கவிழ்ந்த மெழுகுதிரிகளும் அடுப்புகளும் மூட்டிய தீ ஐந்தாறு நாள் எரிந்தது. நிலம், நீர், தீ என்னும் மூன்று பூதங்களும் ஒரே நகரத்தின்மேல் முறைவைத்துப் பாய்ந்தாற்போல அமைந்தது அது. இக்காலத்து நிலவியலார் அந்நடுக்கத்தின் அளவு 8.5-க்கும் 9-க்கும் இடைப்பட்டதெனக் கணிக்கின்றனர். இறந்தோர் தொகை பற்றிக் கணக்குகள் வேறுபடுகின்றன. லிஸ்பனில் மட்டும் 30,000 முதல் 40,000 வரை என்பது பலரும் கூறுவது.

அரண்மனை போயிற்று. 70,000 நூல்கள் இருந்த அரசர் நூல்நிலையம் போயிற்று. அவ்வாண்டு வசந்தத்திலேயே திறக்கப்பட்ட புதிய நாடகசாலை போயிற்று. நகரத்தின் பெரிய மருத்துவசாலை நோயாளிகளோடு எரிந்தது. மன்னர் குடும்பம் காலையிலேயே நகர்ப்புறமாகிய பெலேமில் இருந்தமையால் உயிர் தப்பியது. ஆயினும் மன்னர்க்கு உண்டான அச்சம் வாழ்நாள் முழுதும் தீரவில்லை. அதன்பின் கற்சுவருக்குள் உறங்க மனமின்றி, குன்றின்மேல் மரத்தாலும் துணியாலும் அமைத்த மாளிகையிலேயே 1777-இல் இறக்குமளவும் வாழ்ந்தார்.

முதிய அமைச்சர் ஒருவர் சில நாட்களில் இறந்தார். மற்றையோர் கையற்று நின்றனர். திருவள்ளுவனார் பொருட்பாலில் இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தை அரசியலின் இறுதியில் வைத்து, அதற்கு அடுத்ததாகவே அமைச்சு என்னும் அதிகாரத்தைத் தொடங்கினார். அவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர்கள் கூறும் காரணம் எதுவாயினும், லிஸ்பனில் அந்நாள் நிகழ்ந்ததைப் படிக்குந்தோறும் அவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது என் நினைவுக்கு வராமற் போவதில்லை. கலங்கிய மன்னர் இனிச் செய்வது யாதென வினவ, இறந்தாரை அடக்கஞ் செய்து இருப்பார்க்கு உணவிடுதலே வேண்டுவது என்று பொம்பால் விடையிறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. அவ்விடையை வேறொரு பிரபுவின் வாயில் வைத்துச் சொல்வாரும் உளர். யார் சொன்னாலென்? சொல்லை விட்டுச் செயலை நோக்குவோம்.

இடிபாடுகளுக்கு நடுவே தம் வண்டியிலேயே இருந்துகொண்டு, அங்கேயே உண்டு, முழங்காலின்மேற் காகிதம் வைத்து ஆணைகளை எழுதினார் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வாணைகள் பின்னர் 1758-இல் ஒரே நூலாகத் தொகுத்து அச்சிடப்பட்டமையால் அவற்றின் வகைமையை நாம் இன்றும் அறிகின்றோம். நகரத்தின் பேட்டைகள் 12. பேட்டைக்கு ஒருவராக நீதிபதிகள் நியமிக்கப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் எல்லை உண்டு, அதிகாரம் உண்டு, பொறுப்பு உண்டு. இது சிறு செய்தி போலத் தோன்றும். எல்லாரும் எல்லா இடத்தும் ஓடி எவ்விடத்தும் பணி முடியாத குழப்பத்தை இவ்வொன்றே தடுத்தது.

அழுகும் பிணங்களால் கொள்ளைநோய் எழும் என்னும் அச்சம் அடுத்து வந்தது. ஆயிரக்கணக்கான உடல்களுக்குக் குழி வெட்ட ஆளில்லை, நேரமும் இல்லை. நகரத்துப் பேராயரின் உடன்பாட்டைப் பெற்று, உடல்களைப் படகுகளில் ஏற்றி, பாரங்கட்டி ஆற்றுமுகத்துக்கு அப்பாற் கடலில் ஆழ்த்தச் செய்தார். மதச்சடங்கிற் பற்று மிகுந்த நாட்டில் இஃது எளிய செயலன்று. ஆகையாலேயே படைவீரர் வாயிலாக ஆணையிடாமல், முதலில் திருச்சபைத் தலைவரை இசைவித்தார். மக்கள் மனத்தை அறிந்து ஆளும் நுட்பம் இவரிடம் இருந்ததற்கு இஃதொரு சான்று. அந்நுட்பம் பின்னாளில் இவரைக் கைவிட்டது.

உணவு மூன்றாவது. தானியம் சேமித்த இடங்களைக் காவலில் வைத்தார். சுற்றூர்களிலிருந்து நெல்லுக்கு நிகரான கோதுமையை வருவித்தார். நடுக்கத்துக்கு முன்பு விற்ற விலைக்குமேல் எப்பண்டமும் விற்றலாகாது என்று ஆணையிட்டார். வீட்டு வாடகையும் மனை வாடகையும் அவ்வாறே கட்டுப்படுத்தப்பட்டன. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சோதனையின்றிப் புறப்படத் தடை விதித்தார். கொள்ளைப்பொருள் கடல்வழி போகாமைக்கும், உணவுச்சரக்கு நகரத்துக்கே பயன்படுதற்கும் இதுவே உபாயமாயிற்று. ஊரைவிட்டு ஓடும் உழைப்பாளிகளை அனுமதிச் சீட்டின்றி விடலாகாது என்று வழிகளிற் படைகளை நிறுத்தி, அவர்களையே இடிபாடு அகற்றும் பணிக்குத் திருப்பினார். தெற்கே அல்கார்வே கடற்கரையிற் கடற்கொள்ளையர் இறங்காதபடி காவல் வைக்கவும் அந்நெருக்கடியில் மறக்கவில்லை. ஆங்கிலப் பார்லிமெண்டு 1,00,000 பவுன் மதிப்புள்ள பணமும் பண்டமும் அனுப்பிற்று.

கொள்ளையிடுவாரைத் தண்டித்தல் நான்காவது. பிடிபட்டவரை நீண்ட விசாரணையின்றி வாய்மொழியாலேயே விசாரித்து அன்றே தூக்கிலிட ஆணை பிறந்தது. யாவரும் காணும்படி உயரமான தூக்குமரங்கள் நகரத்தின் பல இடங்களில் நாட்டப்பட்டன. முப்பதுக்கு மேற்பட்டோர் அவற்றில் உயிர்விட்டனர். கொள்ளை ஒடுங்கிற்று என்பது மெய். ஆனால் அவருள் குற்றமற்றவர் எத்தனை பேர் என்பதை இனி எவரும் கண்டறிய இயலாது. விரைந்து இட்ட உணவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விரைந்து எடுத்த உயிரைத் திருப்பித் தரலாகாது. இவ்விடத்தில் நான் சிறிது நிறுத்தினேன். அவ்விளைஞர் முகமும் வாடியிருந்தது.

நிற்க. நடுக்கம் நேர்ந்த சில வாரங்களில் இவர் செய்த மற்றொரு செயலே, ஆசிரியத் தொழிலினனாகிய என்னை மிகவும் கவர்வது. நாடெங்கும் உள்ள பங்குக் குருமார்க்கு ஒரு வினாத்தாள் அனுப்பப்பட்டது. அதில் 13 வினாக்கள். நடுக்கம் எம்மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம் நீடித்தது? ஒரு திசையில் மிகுதியாக உணரப்பட்டதா? எத்தனை வீடுகள் இடிந்தன, எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலிற் பின்வாங்கிற்றா, முதலில் ஏறிற்றா? எத்தனை சாண் ஏறிற்று, எத்தனை முறை? நிலம் பிளந்த இடம் உண்டா, அதனின்று நீர் எழுந்ததா? ஊற்றுகளிலும் கிணறுகளிலும் மாறுதல் கண்டதா? தீப்பற்றியதா? உணவு முடை உண்டாயிற்றா? அவ்வூர் அதிகாரிகள் யாது செய்தனர்? முன்னொரு காலத்தில் நடுக்கம் நேர்ந்ததாக நினைவுடையார் உளரா? இவ்வாறு செல்கின்றன அவ்வினாக்கள். ஐரோப்பா முழுதும் அறிஞர்கள், கடவுள் நல்லவராயின் இஃது எங்ஙனம் நிகழும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். வோல்த்தேர் செய்யுள் எழுதினார். இளைஞராயிருந்த காண்ட் மூன்று கட்டுரை வரைந்தார். போர்த்துகல் அமைச்சரோ ஏன் என்னும் வினாவைப் பிறர்க்கு விட்டு, எப்பொழுது, எவ்வளவு, எத்திசையில் என்று கேட்டார். குருமார் எழுதியனுப்பிய விடைகளிற் பல அந்நாட்டு ஆவணச்சாலையில் இன்றும் உள்ளன. அவற்றை வைத்தே இக்காலத்து நிலநடுக்க நூலோர் அன்றைய அலையின் உயரத்தையும் அசைவின் பரப்பையும் கணக்கிடுகின்றனர். நாட்டளவில் அரசு ஒன்று தன் மக்களிடம் பேரிடரைப்பற்றி முறையாகக் கேட்டு எழுதிவைத்ததற்கு இதனினும் முற்பட்ட சான்றை நான் அறியேன்.

அவ்வாவணச்சாலை தப்பியதும் ஒரு கதையே. கோட்டைக் கோபுரத்தில் இருந்த நாட்டின் பழைய சாசனங்கள் இடிபாட்டுக்குள் புதைந்தன. அவற்றின் காவலரும் தலைமைப் பொறியாளருமான மானுவல் த மாய்யா என்பவர்க்கு அப்போது வயது 78. தம் முதுமையையும் இழப்பையும் பாராது சாசனங்களை அகழ்ந்தெடுத்து மரக்குடிலொன்றிற் காத்தார். நகரத்துக்கு நீர் கொணரும் பெரிய கல்வாய்ப்பாலத்தின் பணியிலும் முன்னர் ஈடுபட்டவர் இவரே. அப்பாலம் நடுக்கத்தில் வீழாது நின்றது. இம்முதியவரையே பொம்பால் நகரை மீண்டும் அமைக்கும் பணிக்குத் தேர்ந்தார். மாய்யா 1755 டிசம்பர் 4-ஆம் நாளே, தீ அணைந்து ஒரு மாதம் ஆவதற்குள், தம் முதல் அறிக்கையை அளித்தார். நகரை முன்னிருந்தபடியே கட்டுவதா, தெருக்களை மட்டும் அகலமாக்குவதா, வீடுகளின் உயரத்தைக் குறைப்பதா, தாழ்ந்த பகுதியை முற்றும் இடித்துச் சமன்செய்து புதிதாய் வகுப்பதா, அன்றிப் பெலேம் அருகே வேறு நகரமே சமைப்பதா என ஐந்து வழிகளையும் அவற்றின் குணதோஷங்களையும் அதில் ஆராய்ந்தார். நான்காவது வழி ஏற்கப்பட்டது.

புதிய வரைபடம் முடியும்வரை ஒருவரும் தம் மனையில் தம்மிச்சையாகக் கட்டலாகாது என்று தடை வந்தது. வீடிழந்து கூடாரத்தில் வாழ்வார்க்கு இஃது எத்துணைக் கொடுமையாகத் தோன்றியிருக்கும்! ஆனால் அத்தடையில்லையேல் பழைய சந்துகளே மீண்டும் முளைத்திருக்கும் என்பதும் தெளிவு. பழைய மனைகள் அளந்து பதிவு செய்யப்பட்டன. 1758 மே 12-ஆம் நாள் பிறந்த சட்டம், தெருவுக்காக நிலமிழந்தவர்க்கு ஈடுசெய்யும் முறையையும், மனை பெற்றவர் வரைபடத்தின்படி கட்டவேண்டிய கடமையையும் வகுத்தது. வணிகர் கழகத்தார் இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு நான்கு வீதம் கூடுதல் தீர்வை தர முன்வந்தனர். அப்பணம் பொதுக் கட்டடங்களுக்குப் பயன்பட்டது.

பெரிய தெருக்களின் அகலம் 60 சாண். அதில் இருமருங்கும் நடப்பார்க்குப் பாதை. பொற்கொல்லர் தெரு, வெள்ளிவேலையர் தெரு எனத் தொழில்வாரியாக வகுக்கப்பட்டன. யுஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்தேல் என்னும் பொறியாளர்கள் அமைத்த வீடுகளின் சுவர்களுக்குள்ளே குறுக்குச் சட்டங்கள் பின்னிய மரக்கூடு ஒன்று மறைந்துள்ளது. அந்நாட்டார் அதனைக் கூண்டு என்றே அழைப்பர். நிலம் அசையின் சுவர் உதிரினும் கூண்டு வளைந்து நின்று, உள்ளிருப்பார்மேல் மேல்தளம் வீழாது தாங்கும். மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரரை அடியெடுத்து நடக்கச் செய்து அதன் உறுதியைச் சோதித்தனர் என்பது வழக்கு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கூரைக்கு மேலும் உயர்ந்த கற்சுவர், தீ தாவாமைப் பொருட்டு. கதவு, சன்னல், இரும்புக்கம்பி யாவும் ஒரே அளவினவாகத் தொகைதொகையாகச் செய்யப்பட்டன. அவ்வீடுகளிற் பல இன்றும் நிற்கின்றன.

இத்துணையும் செய்யத் தொடங்கியபோதுதான் ஒரு பெருங்குறை இவர் கண்ணிற் பட்டது. ஆணையிட ஓர் அமைச்சர் போதும். அதனை நிறைவேற்றக் கணக்கறிந்த ஆட்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அரசின் பொக்கிஷத்தில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒரே நாளிற் கூறவல்லார் இல்லை. பதவிகள் உறவுமுறையாலும் பரிந்துரையாலும் நிரம்பியிருந்தன. 1759-இல் வணிகப் பாடசாலை ஒன்றை அரசுச் செலவில் தொடங்கினார். வயது 14 நிறைந்து, எழுத்தும் நான்கு வகைக் கணக்கும் அறிந்தவர் சேரலாம். படிப்பு மூன்றாண்டு. எண்ணியல், நாணயமாற்று, எடை அளவுகள், காப்புறுதி, இரட்டைப் பதிவுக் கணக்கு என்பன பாடம். மாணவர் இருபதின்மர்க்கு உதவிச் சம்பளமும் உண்டு. 1761 டிசம்பரில் அரசுப் பொக்கிஷம் முழுவதையும் ஒரே தலைமையின்கீழ்க் கொணர்ந்து, இரட்டைப் பதிவு முறையைக் கட்டாயமாக்கினார். பாடசாலையின் முதல் ஆசிரியரே அப்பொக்கிஷத்துக்கு எழுத்தராக அழைத்துக்கொள்ளப்பட்டார். கரும்பலகையில் எழுதிக்காட்டியதை அவர் கைப்பட அரசாங்கப் பேரேட்டில் எழுத நேர்ந்தது. ஆசிரியர்களாகிய எங்கட்கு இவ்வாறான வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை.

1772-இல், தாம் இளமையில் நிலைக்காது விட்ட கோயிம்பிரா சர்வகலாசாலைக்குத் தாமே நேரிற் சென்று புதிய விதிகளை வழங்கினார். கணிதத்துக்கும் இயற்கை விஞ்ஞானத்துக்கும் தனிப் பிரிவுகள் எழுந்தன. இரசாயனச் சாலையும் தாவரத் தோட்டமும் வானாராய்ச்சிக் கூடமும் திட்டமிடப்பட்டன. சட்டம் பயில்வோர் பழைய ரோமச் சட்டத்தையே உருப்போடும் வழக்கம் மாறி, தம் சொந்த நாட்டுச் சட்டத்தையும் இயற்கை நீதியையும் கற்கலாயினர். அவர்களே பின்னர் ஊர்தோறும் நீதிபதிகளாகவும் அதிகாரிகளாகவும் செல்பவர் என்பதை நோக்கின், அம்மாறுதலின் பயன் புலனாகும்.

இனி இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தைச் சொல்லாது விடுதல் முறையன்று. நெருக்கடிக்கு என்று கைக்கொண்ட அதிகாரத்தை, நெருக்கடி தீர்ந்தபின் இவர் கீழே வைக்கவில்லை. 1757-இல் போர்த்தோ நகரத்தில் புதிய திராட்சைமதுக் கம்பெனியை எதிர்த்துக் கலகம் செய்தவர்களிற் பலர் தூக்கிலிடப்பட்டனர். 1758 செப்டம்பர் 3-ஆம் நாள் இரவு மன்னர் வண்டியின்மேற் சிலர் சுட்டனர். மன்னர் காயத்தோடு பிழைத்தார். அதனைக் காரணமாகக் கொண்டு தாவோரா குடும்பத்தாரும் அவேய்ரோ பிரபுவும் தனி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 1759 ஜனவரி 13-ஆம் நாள் பெலேமில் கொடிய முறையிற் கொல்லப்பட்டனர். தாவோரா குடும்பத்து மூத்த பெருமாட்டியாரும் தலை வெட்டுண்டார். பிரபுவின் மாளிகை இடிக்கப்பட்டு, இனி எதுவும் முளையாதபடி அந்நிலத்தில் உப்புத் தூவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சேசு சபைப் பாதிரிமார் நாட்டைவிட்டு ஓட்டப்பட்டனர். நிலநடுக்கம் மக்களின் பாவத்துக்குத் தெய்வம் விதித்த தண்டனை, ஆகவே கட்டடப்பணியை விட்டுத் தவம் செய்க என்று 1756-இல் நூலெழுதிய மலக்ரிதா என்னும் முதிய பாதிரியார் பின்னர்ச் சிறைப்பட்டு, தம் 72-ஆம் வயதில், 1761-இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். மக்கள் கைசோர்ந்து போகாமைப்பொருட்டு அவர் கருத்தை மறுத்தல் அமைச்சரின் கடமையாயிருக்கலாம். அதற்காக ஒரு கிழவரைக் கொன்றதை எம்மொழியால் மறைப்பது?

1760-இல் நாடு முழுமைக்கும் பொதுக் காவல் துறை ஒன்று அமைந்தது. ஒவ்வொரு பேட்டையிலும் யார் குடியிருக்கின்றார், எத்தொழில் செய்கின்றார், யார் புதிதாய் வந்தார் என்று பதிவதும் அதன் பணி. பேரிடர்க் காலத்தில் உணவுப் பங்கீட்டுக்கு இன்றியமையாத அதே பதிவு, அமைதிக் காலத்தில் ஐயத்துக்குரியாரைச் சிறைக்கு அனுப்பவும் உதவிற்று. விசாரணையின்றிப் பதினெட்டு ஆண்டு கோட்டைச் சிறையிற் கிடந்தாரும் இருந்தனர். அப்போது இளைஞர் என்னை நோக்கி, இவரைத் தடுப்பார் ஒருவரும் இல்லையா என்று வினவினார். மன்னர் ஒருவரே தடுக்க வல்லவர், அவர் தடுக்கவில்லை, அவை ஒன்றும் கூடவில்லை என்றேன். பொது நிருவாகம் என்பதையும் பாதுகாப்பு என்பதையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பதன் காரணம் அவருக்கு அவ்விடத்திலே ஒருவாறு விளங்கிற்றென்று நினைக்கின்றேன். தந்தையார் ஒன்றும் பேசவில்லை.

மற்றும் ஒன்று. இது நம் சங்கப் பத்திரிகையாதலின் தயங்கியே எழுதுகின்றேன். யூத மரபினின்றும் கிறிஸ்தவரானோரைப் புதிய கிறிஸ்தவர் என்று பிரித்து, பல தலைமுறை கழிந்தும் பதவிகளிற் சேர்க்காது இரத்தத் தூய்மை பேசி விலக்கும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. 1773 மே 25-ஆம் நாள் சட்டத்தால் அப்பிரிவையே இவர் ஒழித்தார். அதற்கு முன்பு 1768-இல், தூய குலம் என்று சொல்லித் தமக்குள்ளேயே மணஞ்செய்துவந்த பிரபுக் குடும்பங்கள் அங்ஙனம் செய்தலாகாது என்றும் ஆணையிட்டார். 1761-இல் கீழ்த்திசைப் போர்த்துகீசிய நாடுகளிற் பிறந்த கிறிஸ்தவர், போர்த்துகலிற் பிறந்தாரோடு பதவிகளுக்குச் சம உரிமையுடையர் என்று விதித்தார். கோவா மக்கள் அதனாற் பயன் பெறும் உரிமை எய்தினர். அவ்வாண்டிலேயே போர்த்துகல் மண்ணில் வந்திறங்கும் அடிமைகள் விடுதலையாவர் என்றும் சட்டம் பிறந்தது. ஆனால் பிரேசிலுக்கு அடிமைகளைக் கொண்டுசெல்லும் வாணிகம் இவர் ஏற்படுத்திய கம்பெனிகளாலேயே தடையின்றி நடந்தது. ஒரு கை திறந்ததை மறுகை பூட்டியது.

1775 ஜூன் 6-ஆம் நாள், பழைய அரண்மனை முற்றத்தின் இடத்தில் அமைந்த புதிய வணிகச் சதுக்கத்தில் ஜோசே மன்னரின் குதிரைமேலமர்ந்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. பீடத்தில் அமைச்சரின் உருவம் பொறித்த வெண்கலப் பதக்கமும் பதிக்கப்பட்டிருந்தது. 1777 பிப்ரவரி 24-ஆம் நாள் மன்னர் இறந்தார். மகள் மரியா அரசியானார். அரசியார்க்கு இவர்மேல் வெறுப்பு. சிறைக்கதவுகள் திறந்தன, நூற்றுக்கணக்கானோர் ஒளிகண்டு கண்கூசி வெளிவந்தனர். மார்ச்சு மாதத்தில் இவர் பதவி நீங்கினார். பதக்கம் பீடத்தினின்றும் பெயர்க்கப்பட்டு, அவ்விடத்தில் நகரத்தின் சின்னம் வைக்கப்பட்டது.

எண்பது வயதை அணுகிய இவர்மேல் விசாரணை நடந்தது. நீதிபதிகள் பொம்பால் என்னும் ஊருக்கே சென்று, நோயாற் படுத்திருந்தவரை நாட்கணக்கில் வினவினர். தாம் செய்தவை யாவும் மன்னர் ஒப்பத்தோடு செய்தவை என்பதே இவர் விடை. 1781 ஆகஸ்டில் அரசியார் ஆணை பிறந்தது: தண்டனைக்குரியவர், ஆயினும் முதுமையும் நோயும் கருதித் தண்டனை விலக்கப்பட்டது, அரசவைக்கு இருபது லீக் தொலைவுக்குள் வருதல் கூடாது. ஒரு காலத்தில் பிறர் லிஸ்பனை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டுத் தந்தவர், அந்நகரத்துக்குள் நுழைய அனுமதியின்றி 1782 மே 8-ஆம் நாள், 83 வயது நிறைவதற்கு ஐந்து நாள் இருக்கையில், பொம்பாலில் உயிர் நீத்தார்.

பெயர்த்தெடுத்த பதக்கத்தை எவரும் உருக்கிவிடவில்லை. 1833-ஆம் ஆண்டு, 56 ஆண்டு கழித்து, அது மீண்டும் அப்பீடத்திற் பழைய இடத்திலேயே பதிக்கப்பட்டது.